கயிறு கட்டி ஏறும் விமானம்

பட்டம் விடாத பிள்ளை தோட்டத்தில் உண்டா? மூங்கிலைச் சீவி, பழைய பத்திரிகைத் தாளை ஒட்டி, சோற்றுப் பசை காய்வதற்கு முன்னரே திடலுக்கு ஓடிவிடுவார்கள். ஒருவன் பட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பான். மற்றொருவன் நூலைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓடுவான். அந்த ஓட்டத்தின் வேகத்தில் பட்டம் விர்ரென்று கிளம்பும். கொஞ்ச உயரம் போய்விட்டால் பிறகு ஓட வேண்டியதில்லை. மேலே உள்ள காற்றே அதைத் தாங்கிக்கொள்ளும்.

வாசக அன்பர்களே, இதே வேலையை மனிதர் ஏறி அமர்ந்த விமானத்துக்கும் செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளில் இது வார விடுமுறை தோறும் நடக்கும் காட்சி. அந்த விமானத்தில் இயந்திரம் கிடையாது. அதற்குக் கிளைடர் என்று பெயர்.

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் புத்தகம் ஒன்றில் கிளைடரின் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "சார், இஞ்சின் இல்லேன்னா அது எப்படி சார் மேலே போகும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இயந்திரம் இல்லாமல் எப்படிப் பறக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். எப்படி ஏறுகிறது என்று அவன் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். ஏறும் வழிகள் இரண்டு. ஒன்று செலவு குறைந்தது. மற்றது செலவு மிகுந்தது. இரண்டிலும் உயிர் ஒரு கயிற்றில் தொங்குகிறது. அந்தக் கயிற்றைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

உயரமே கைமுதல்

முதலில் கிளைடரை அறிந்துகொள்வோம். பயிற்சிக்கு உலகெங்கும் பயன்படும் கிளைடர்களில் ஒன்று ஜெர்மனியில் செய்யப்படும் ஏ.எஸ்.கே. 21. அது முதன்முதலில் பறந்தது 1979இல். ஆசிரியரும் மாணவரும் ஒருவர் பின் ஒருவராக அமரலாம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 17 மீட்டர். ஒரு பேருந்தைவிட நீளம். ஆட்களையும் சேர்த்து அதன் எடை 600 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

மேட்டின் உச்சியிலிருந்து சைக்கிளை மிதிக்காமல் இறங்கவிட்டால் அது தானே ஓடும் அல்லவா? கிளைடரும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தை இழந்து, அந்த இழப்பையே வேகமாக மாற்றிக்கொண்டு முன்னே போகிறது. ஏ.எஸ்.கே. 21 ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 34 மீட்டர் முன்னே போய்விடும். 400 மீட்டர் உயரத்தில் இருந்தால், அசையாத காற்றில் 13 கிலோமீட்டர் தூரம் போகலாம்.

அப்படியென்றால் அது எப்போதும் இறங்கிக்கொண்டேதானே இருக்கும் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் வெயிலில் சூடான நிலத்திலிருந்து காற்று மேலே எழும். இறங்குகிற வேகத்தைவிட அந்தக் காற்று ஏறுகிற வேகம் அதிகமானால், கிளைடரும் அதனோடு சேர்ந்து ஏறும். நடுப்பகலில் பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு உயருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது செய்வதும் இதே வித்தைதான். நல்ல விமானி ஒருவர் இப்படி ஒரு ஏறுகாற்றிலிருந்து மறு ஏறுகாற்றுக்குத் தாவி, நாள் முழுவதும் பறந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்வருவார்.

ஆனால் ஏறுகாற்றைத் தேடிப் போவதற்கே முதலில் கொஞ்சம் உயரம் வேண்டும். கடை வைக்கக் கைமுதல் வேண்டும் என்பது போல. அந்தக் கைமுதலைக் கிளைடரால் தானாகச் சம்பாதிக்க முடியாது. பிறர்தாம் கொடுக்க வேண்டும்.

மலையிலிருந்து குதித்தவர்கள்

ஆரம்ப நாட்களில் அந்தக் கைமுதலை மலைதான் கொடுத்தது. ஜெர்மானியரான ஓட்டோ லிலியன்தால் 1891 முதல் தாமே செய்த இறக்கைகளை மாட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிக் குதித்துப் பறந்தார். ஏறத்தாழ 2,000 முறை பறந்த அவர், 1896 ஆகஸ்டு 9ஆம் நாள் விழுந்து மறுநாள் உயிர் நீத்தார். பின்னால் வந்தவர்கள் அவருடைய குறிப்புகளிலிருந்தே பாடம் படித்தார்கள்.

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. 1919இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை, அந்நாட்டில் இயந்திர விமானம் கட்டுவதற்குக் கடும் தடைகளை விதித்தது. பறக்கும் ஆசை கொண்ட இளைஞர்கள் கை கட்டி உட்கார்ந்துவிடவில்லை. இயந்திரம் இருந்தால்தானே தடை? ஒரு விமானப் பத்திரிகையின் ஆசிரியரான ஓஸ்கார் உர்சினுஸ் என்பவர், 1920இல் ரோன் மலைப் பகுதியில் உள்ள வாஸ்ஸர்குப்பே என்ற 950 மீட்டர் உயர மலையில் கிளைடர் போட்டி ஒன்றை நடத்தினார். அதன் பிறகு ஆண்டுதோறும் இளைஞர்கள் அங்கே திரண்டார்கள்.

அங்கே கிளைடரை ஏற்றிய முறை நம் பிள்ளைகளின் கவண் போன்றது. தடித்த ரப்பர் கயிற்றின் நடுப்பகுதியைக் கிளைடரின் மூக்கில் மாட்டுவார்கள். கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு குழுவாக இளைஞர்கள் பிடித்துக்கொண்டு, மலைச்சரிவில் கீழ்நோக்கி ஓடுவார்கள். வாலை வேறு சிலர் இறுகப் பிடித்திருப்பார்கள். கயிறு நன்றாக இழுபட்டதும் வாலை விட்டுவிடுவார்கள். கிளைடர் பாய்ந்து புறப்படும். நாம் மரத்தில் கீறி எடுக்கும் பால், ஒரு காலத்தில் எங்கோ ஒரு மலையில் விமானத்தையும் பறக்க வைத்திருக்கிறது!

1922 ஆகஸ்டில் ஆர்தர் மார்ட்டென்ஸ் என்ற இளைஞர் 'வாம்பிர்' என்ற கிளைடரில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த மலைமேல் பறந்தார். சில நாட்களிலேயே அதே கிளைடரில் ஹென்ட்சன் என்பவர் 3 மணி நேரத்தைத் தாண்டினார். இயந்திரம் இல்லாமலும் மேலே நிலைத்து நிற்கலாம் என்பது உறுதியாயிற்று.

ஆனால் எல்லா ஊரிலும் மலை இல்லையே. சமவெளியில் இருப்பவர் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பிறந்த விடைகள்தாம் விஞ்சும் விமான இழுவையும். 1927இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஃபீஸலர் என்ற விமானி, கோட்லோப் எஸ்பென்லாப் அமர்ந்திருந்த கிளைடரைத் தம் விமானத்தின் பின்னே கயிறு கட்டி இழுத்துக் காட்டினார். விஞ்சின் கதை இன்னும் எளிமையானது. பழைய மோட்டார் கார் ஒன்றின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஒரு சக்கரத்தின் டயரைக் கழற்றிவிட்டு, அந்தச் சக்கரத்திலேயே கம்பியைச் சுற்றி இழுத்தார்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்கும் புத்தி எந்த நாட்டுக்காரருக்கும் ஒன்றுதான்.

விஞ்சு இழுக்கும் விதம்

காட்டிலிருந்து மரக்கட்டை ஏற்றும் லோரிகளில் விஞ்சு இருப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இரும்பு உருளையில் கம்பி சுற்றியிருக்கும். இயந்திரம் உருளையைச் சுழற்றினால் கம்பி கட்டையை இழுத்துக்கொண்டு வரும். கிளைடர் விஞ்சும் அதே சாதனம்தான். ஆனால் வேகம் வேறு.

நீங்களே கிளைடரில் அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். புல்திடலின் ஒரு கோடியில் நீங்கள். மறு கோடியில், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில், விஞ்சு. அதில் 200, 300 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம். விஞ்சுக்காரர் உங்கள் கண்ணுக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரிவார். இடையே புல்லின் மேல் கம்பி கிடக்கிறது. அது 4, 5 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கம்பியாக இருக்கலாம். அல்லது அதைவிடப் பல மடங்கு எடை குறைந்த செயற்கை இழைக் கயிறாக இருக்கலாம்.

உதவியாளர் ஒருவர் கம்பியின் நுனியில் உள்ள இரும்பு வளையத்தைக் கிளைடரின் வயிற்றுப் பக்கத்துக் கொக்கியில் மாட்டுகிறார். இன்னொருவர் இறக்கையின் நுனியைத் தூக்கிச் சமமாகப் பிடிக்கிறார். கிளைடருக்கு நடுவில் முக்கியச் சக்கரம் ஒன்றுதான் என்பதால், பிடிக்காவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விளக்கு மூலமோ தொலைபேசி மூலமோ விஞ்சுக்காரருக்குச் செய்தி போகிறது. முதலில் அவர் மெதுவாகக் கம்பியின் தொய்வை இழுக்கிறார். கம்பி விறைத்ததும் 'இழு' என்ற சைகை.

பிறகு நடப்பது எல்லாம் விநாடிக் கணக்கு. மூன்று நான்கு விநாடிகளில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடுகிறது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. தரையை விட்ட பிறகு கிளைடர் படிப்படியாக மூக்கை உயர்த்துகிறது. சில விநாடிகள் கழித்து உங்கள் முன்னே நிலம் இல்லை, அடிவானம் இல்லை, வெறும் ஆகாயம். திடலின் ஓரத்தை இறக்கை நுனியில் பார்த்துத்தான் எவ்வளவு சரிவாக ஏறுகிறீர்கள் என்பதைக் கணிக்க வேண்டும். அரை நிமிடம், முக்கால் நிமிடம், அவ்வளவுதான். 1,000 மீட்டர் கம்பி இருந்தால் 350 முதல் 450 மீட்டர் வரை உயர்ந்துவிடுவீர்கள். விஞ்சுக்காரர் இழுவையைக் குறைக்கிறார். நீங்கள் மூக்கைத் தாழ்த்தி, இடப்பக்கத்தில் உள்ள மஞ்சள் குமிழை இழுக்கிறீர்கள். 'டக்' என்று ஒரு சத்தம். கம்பி விலகுகிறது. அதன் நுனியில் உள்ள சிறு பாராசூட் விரிய, விஞ்சுக்காரர் கம்பியைச் சுருட்டிக்கொள்கிறார். அதன்பின் காற்றின் ஓசை ஒன்றுதான்.

குமிழை இழுக்க மறந்துவிட்டால்? கிளைடர் விஞ்சைத் தாண்டிப் போய்க் கம்பி பின்னோக்கி இழுபட்டால் கொக்கி தானே திறந்துகொள்ளும். அதுவும் நடக்காவிட்டால், கம்பியை ஒரே வெட்டில் அறுக்கும் கத்தி ஒன்று விஞ்சிலேயே தயாராக இருக்கிறது.

விமானம் இழுக்கும் விதம்

இரண்டாவது வழியில், முன்னே ஒரு சிறு இயந்திர விமானம் நிற்கிறது. அதன் வாலிலிருந்து 50, 60 மீட்டர் நீளமுள்ள கயிறு உங்கள் கிளைடரின் மூக்குக்கு வருகிறது. பழுதான காரை லோரி கட்டி இழுப்பது போல என்று சொல்லலாம். ஆனால் இங்கே இருவரும் ஆகாயத்தில் போகிறார்கள்.

இவ்வேலைக்குப் பெயர் பெற்ற விமானங்களில் ஒன்று அமெரிக்காவின் பைப்பர் பானி. முதலில் அது பயிர்களுக்கு மருந்தடிப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. தாழ்வாகவும் மெதுவாகவும் பாரத்தோடு பறக்க வல்லது என்பதால் கிளைடர் இழுக்கவும் ஏற்றதாயிற்று.

புறப்பட்டதும் முதலில் தரையை விடுவது நீளமான இறக்கை கொண்ட கிளைடர்தான். இழுக்கும் விமானம் இன்னும் தரையில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது நீங்கள் இரண்டு மூன்று மீட்டர் உயரத்திலேயே பொறுமையாக நிற்க வேண்டும். அதுவும் எழும்பிய பிறகு, அதன் பின்னாலேயே, அது திரும்பினால் நீங்களும் திரும்பி, அது ஏறினால் நீங்களும் ஏறி, கயிறு தொய்யாமலும் வெட்டி இழுக்காமலும் போக வேண்டும். பார்க்க எளிது. புதிதாகக் கற்பவருக்கோ, அறிமுகமில்லாத கூட்டத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தையின் நிலைதான். இடமும் வலமும் இழுபட்டு வியர்த்துப் போவார்.

ஏழெட்டு நிமிடத்தில் 600 மீட்டர் உயரம் கிடைத்துவிடும். விஞ்சைப் போலத் திடலுக்கு மேலேயே விட்டுவிட வேண்டும் என்பதும் இல்லை. 'அதோ அந்த மேகத்தின் அடியில் ஏறுகாற்று இருக்கும்' என்று தெரிந்தால் அங்கேயே கொண்டுபோய் விடச் சொல்லலாம். மஞ்சள் குமிழை இழுத்து, கயிறு விலகியதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே திரும்ப வேண்டும். இழுத்து வந்த விமானம் அடுத்த கிளைடருக்காகக் கீழே இறங்கிப் போகும்.

இருவருக்கும் இடையே பேச்சு இல்லாவிட்டாலும் சைகை உண்டு. முன்னே போகும் விமானம் இறக்கைகளை இரு பக்கமும் ஆட்டினால், 'உடனே கயிற்றை விடு' என்று பொருள். அதற்குக் கேள்வியே கேட்கக் கூடாது.

செலவுக் கணக்கு

குடும்பம் நடத்துபவர்கள் இப்போது செலவைக் கேட்பீர்கள். விஞ்சு ஒரு முறை இழுக்க ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் போதும். விமானமோ தன்னையும் தூக்கிக்கொண்டு, கிளைடரையும் இழுத்துக்கொண்டு, பிறகு தானும் இறங்கி வர வேண்டும். எண்ணெய்ச் செலவு பல மடங்கு. அதோடு விமானத்தின் விலை, பழுது பார்க்கும் செலவு, உரிமம் பெற்ற விமானி எல்லாம் சேரும். ஆகவே பயிலுபவர் கட்டும் தொகை விஞ்சைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஆவது சாதாரணம்.

ஆனால் மலிவு என்பதை மட்டும் பார்த்துவிட முடியாது. விஞ்சில் 400 மீட்டர் ஏறியவர், ஏறுகாற்று அகப்படாவிட்டால் ஏழெட்டு நிமிடத்தில் மறுபடியும் தரையில். மந்தமான நாளில் இப்படி மூன்று முறை ஏறி இறங்கினால், ஒருமுறை விமானத்தில் ஏறிய செலவு ஆகிவிடும். 600 மீட்டரில் விடப்பட்டவருக்கோ தேடுவதற்கு ஏறத்தாழ இரு மடங்கு நேரம் இருக்கிறது.

கற்கும் மாணவருக்கு நிலைமை வேறு. அவருக்கு வேண்டியது நிறைய ஏற்றமும் நிறைய இறக்கமும். குறைந்த செலவில் ஒரே நாளில் பல முறை தரையிறங்கிப் பழக விஞ்சுதான் உதவும். அதனால்தான் சங்கங்கள் நிறைந்த ஜெர்மனியில் விஞ்சு ஓங்கி நிற்கிறது. அங்கே உறுப்பினர்களே விஞ்சு ஓட்டுகிறார்கள், கம்பி இழுத்து வருகிறார்கள், கிளைடரைத் தள்ளுகிறார்கள். 14 வயதிலேயே தனியாகப் பறக்க அங்கே அனுமதி உண்டு. அந்த வயதுப் பிள்ளைகளும் திடலில் உழைத்துத்தான் பறக்கிறார்கள். பரந்த நிலமுள்ள அமெரிக்காவிலோ பெரும்பாலும் விமான இழுவைதான். பிரிட்டனில் இரண்டும் உண்டு. 1930இல் தொடங்கப்பட்ட லண்டன் கிளைடிங் கிளப், டன்ஸ்டபிள் குன்றின் அடியில் உள்ள தன் திடலில் இரண்டு முறையிலும் ஏற்றுகிறது.

இன்னொரு செலவும் உண்டு. அதை அக்கம்பக்கத்தார் கட்டுகிறார்கள். இழுவை விமானம் நாள் முழுவதும் தலைக்கு மேல் இரைந்துகொண்டே இருந்தால் ஊரார் முகம் சுளிப்பார்கள். விஞ்சின் சத்தம் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். ஜெர்மனியில் மின்சாரத்தால் இயங்கும் விஞ்சுகளும் இப்போது இருக்கின்றன. அவற்றின் சத்தம் இன்னும் குறைவு.

ஆபத்து எங்கே இருக்கிறது?

இனி, பெற்றோர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருவோம்.

விஞ்சு ஏற்றத்தில் ஆபத்து முதல் சில விநாடிகளில்தான். புறப்படும்போதே ஓர் இறக்கை தாழ்ந்து புல்லில் உரசினால், அந்த வேகத்தில் கிளைடர் சக்கரம் போல் புரண்டுவிடும். ஆகவே கம்பி இழுக்கத் தொடங்கும் கணத்திலிருந்தே விமானியின் இடக்கை மஞ்சள் குமிழின் மேல் இருக்க வேண்டும். இறக்கையைச் சமமாக வைத்திருக்க முடியவில்லை என்று தெரிந்ததும், அது தரையைத் தொடும் முன்பே கம்பியை விட்டுவிட வேண்டும்.

அடுத்தது, அவசரப்பட்டு மூக்கைச் செங்குத்தாகத் தூக்குவது. இரு வாளி நிறையப் பாலைத் தோளில் சுமந்து சறுக்கு மண்ணில் நடப்பவரை நினைத்துப் பாருங்கள். வெறுங்கையோடு நடக்கும்போது தாங்கும் கால், பாரத்தோடு நடக்கும்போது வழுக்கிவிடும். கிளைடரின் இறக்கையும் அப்படியே. விஞ்சில் ஏறும்போது அது தன் எடையோடு கம்பியின் இழுப்பையும் சுமக்கிறது. அதற்கேற்ற வேகம் வருமுன் மூக்கைத் தூக்கினால், காற்றின் பிடிப்பை இழந்து சுழன்று விழும். தரைக்கு அருகே நடந்தால் மீளுவதற்கு உயரம் இராது.

மூன்றாவது, நடுவழியில் கம்பி அறுவது. மூக்கு மேல்நோக்கி இருக்கும் நிலையில் இழுப்பு நின்றுவிட்டால் வேகம் இரண்டொரு விநாடிகளில் கரைந்துவிடும். விமானி உடனே கோலை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தியதும் வேகம் வந்துவிட்டது என்று எண்ணித் திரும்பிவிடக் கூடாது. வேகமானியைப் பார்த்து, போதிய வேகம் வரும் வரை பொறுத்திருந்து, பிறகே நேராக இறங்குவதா, சிறு வட்டமிட்டு இறங்குவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

விமான இழுவையில் ஆபத்து வேறு விதம். இங்கே ஒருவர் செய்யும் தவறுக்கு மற்றவர் பலியாகலாம். கிளைடர் கவனமின்றி மிக உயரே ஏறிவிட்டால், கயிறு முன்னே உள்ள விமானத்தின் வாலை மேலே தூக்கிவிடும். அதன் மூக்கு தரையை நோக்கிக் கவிழும். இதற்கு ஆவது இரண்டு மூன்று விநாடிகள். இழுவை விமானியிடமும் கயிற்றை விடும் கைப்பிடி உண்டு. ஆனால் அதை எட்டிப் பிடிக்கும் நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். தாழ்வான உயரத்தில் இப்படி நடந்து இழுவை விமானிகள் உயிரிழந்திருக்கிறார்கள். ஆகவே விதி கண்டிப்பானது: முன்னே போகும் விமானம் பார்வையிலிருந்து மறைந்தால், அல்லது தன் இடத்தை விட்டு உயரே போவது தெரிந்தால், சரிசெய்யப் பார்க்காதே; உடனே விடு.

அறுந்தால் நல்லது

இரண்டு முறையிலும் கயிற்றோடு ஒரு சிறு இரும்புத் துண்டைச் சேர்க்கிறார்கள். அளவுக்கு மீறி இழுத்தால் முதலில் அறுபட வேண்டியது அதுதான். கயிறு முறுக்கேறி இறக்கையை ஒடித்துவிடாமல், இது தான் ஒடிந்து கிளைடரைக் காப்பாற்றும். எந்தக் கிளைடருக்கு எந்தப் பலம் என்பதைக் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, நீலம், வெள்ளை என்று நிறம் பூசி வைத்திருக்கிறார்கள். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலையை இது ஆகாயத்தில் செய்கிறது. ஆகவே கயிறு அறுவதைத் துரதிர்ஷ்டம் என்று அவர்கள் நினைப்பதில்லை. என்றாவது அறும் என்று எண்ணியே ஏறுகிறார்கள்.

எண்ணுவதோடு நிற்பதில்லை. பழகுகிறார்கள். பிரிட்டனில் மாணவரைத் தனியாக அனுப்புவதற்கு முன், பின்னே அமர்ந்திருக்கும் ஆசிரியர் ஒன்றும் சொல்லாமலே மஞ்சள் குமிழை இழுத்துவிடுவார். சில நாள் தாழ்வில், சில நாள் நடுவில், சில நாள் உச்சிக்குச் சற்றுக் கீழே. ஒவ்வொரு முறையும் மாணவரே சமாளித்து இறக்க வேண்டும். மூளை யோசிக்கும் முன்னே கை சரியானதைச் செய்யும் வரை இந்தப் பாடம் தொடரும். ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்பும் விமானி ஒரு சோதனைப் பட்டியலைச் சொல்வார். அதன் கடைசி வரி, 'எதிர்பாராதது நேர்ந்தால்' என்பது. இன்று காற்று எந்தப் பக்கம், கயிறு அறுந்தால் எங்கே இறங்குவேன் என்று சொல்லி முடித்த பிறகே கம்பியை மாட்டச் சொல்வார்.

இந்தப் பழக்கத்தின் பலன் வெறும் நம்பிக்கையன்று. பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் பல ஆண்டு விஞ்சு விபத்துகளைத் தொகுத்து ஆராய்ந்தது. நாம் மேலே பார்த்த அதே சில தவறுகள்தாம் திரும்பத் திரும்ப உயிரைப் பறித்திருந்தன. 2005இல் அச்சங்கம் பாதுகாப்பான விஞ்சு ஏற்றத்துக்கென்று ஓர் இயக்கத்தைத் தொடங்கி, எல்லாச் சங்கங்களின் ஆசிரியர்களுக்கும் அந்தத் தவறுகளையும் அவற்றைத் தவிர்க்கும் முறையையும் ஒரே மாதிரியாகக் கற்பித்தது. அதன் பிறகு விஞ்சு ஏற்றத்தில் மரணங்களும் படுகாயங்களும் வெகுவாகக் குறைந்தன. விஞ்சும் பழைய விஞ்சுதான், கிளைடரும் பழைய கிளைடர்தான். பழக்கம் மாறியது, உயிர்கள் தப்பின.

எது சிறந்தது?

என் மாணவனும் கடைசியில் இதைத்தான் கேட்டான்: "ரெண்டுல எது சார் நல்லது?"

கற்பதற்கு விஞ்சு நல்லது. கைச்செலவு குறைவு, பழகும் வாய்ப்பு அதிகம், திடலில் எல்லாரும் சேர்ந்து உழைக்கும் நல்ல பழக்கமும் வரும். தூரம் போவதற்கும், ஏறுகாற்று எங்கோ தள்ளி இருக்கும் நாளுக்கும், விஞ்சுக் கம்பி போட இடமில்லாத திடலுக்கும் விமான இழுவை நல்லது. இரண்டையும் கற்றவரே முழு விமானி. இப்படித்தான் அவனுக்குச் சொன்னேன்.

அவனுக்குச் சொல்லாத ஒன்றை, பெற்றோராகிய உங்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளை மேலே ஏற்றிவிட நாமும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். சிலர் கையிலிருப்பதை வைத்துக் கொஞ்ச தூரம் இழுக்கிறோம்; வசதியுள்ளவர் இன்னும் உயரம் கொண்டுபோய் விடுகிறார். குறைந்த உயரத்தில் விடப்பட்டவரும் ஏறுகாற்றைக் கண்டுபிடித்து நாள் முழுவதும் பறக்கிறார் என்பதை வாஸ்ஸர்குப்பே இளைஞர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் ஒன்று: கயிறு அறுந்தால் என்ன செய்வது என்பதை, நாம் பின் இருக்கையில் இருக்கும்போதே அவர்களுக்குப் பழக்கிவிட வேண்டும். ஒரு தேர்வில் தவறினால் என்ன, ஒரு வேலை கிடைக்காவிட்டால் என்ன, வீட்டில் வருமானம் நின்றால் என்ன என்று வீட்டிலேயே உட்கார்ந்து பேசிவைப்பது அபசகுனம் ஆகாது. அந்த விமானிகள் ஒவ்வொரு நாளும் அதைப் பேசிவிட்டுத்தான் பத்திரமாக ஏறுகிறார்கள்.

நூல் அறுந்தால் பட்டம் எங்காவது மரத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். கிளைடரோ கயிற்றை விட்ட பிறகுதான் பறக்கத் தொடங்குகிறது. உள்ளே ஓட்டத் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.